என் கடன் என் பெண்டாட்டிக்குத் தெரியாது

என் தாத்தாவின் கடன் ஊருக்கே தெரியும். அவர் படியாள். கல்யாணத்துக்கு வாங்கிய கடனுக்காக ஆண்டை நிலத்தில் உழைத்தவர். எவ்வளவு வாங்கினார், எவ்வளவு கழிந்தது என்கிற கணக்கு மட்டும்தான் அவருக்குத் தெரியாது. மற்றபடி அவர் கடன்பட்டவர் என்பது சேரிக்குத் தெரியும், ஊர்த்தெருவுக்குத் தெரியும், ஆண்டை வீட்டில் மாடு மேய்க்கிற பையனுக்கும் தெரியும். யாரும் அதை மறைக்கவில்லை. மறைக்கிற மாதிரி அது இருக்கவும் இல்லை. விடியலில் ஏரைத் தூக்கிக்கொண்டு அவர் நடக்கிற திசையே சொல்லிவிடும்.

என் கடன் என் பெண்டாட்டிக்கே தெரியாது. (மேடையில் 'துணைவியார்' என்போம். வீட்டில் பெண்டாட்டிதான்.) ஐந்து வருஷம் தெரியாமல் வைத்திருந்தேன். நான் பட்டதாரி. ஒரு கூட்டுறவு வங்கியில் எழுத்தர். கவிதை எழுதுகிறவன், அதிலும் விடுதலையைப் பற்றி எழுதுகிறவன். வசூல்காரன் போனுக்குப் பயந்து பஸ் ஸ்டாண்டு கழிப்பறைச் சுவர் ஓரமாக நின்று 'வெள்ளிக்கிழமை கண்டிப்பா சார்' என்று கெஞ்சிவிட்டு, அதே சாயங்காலம் கவியரங்கத்தில் போய் விலங்குகளை நொறுக்கியிருக்கிறேன்.

தாத்தாவின் கடனுக்கும் என் கடனுக்கும் நடுவில் ஒரு சட்டம் வந்தது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம், 1976. கொத்தடிமைக் கடன் செல்லாது, அதைத் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை என்று சொன்ன சட்டம். அதற்கும் முன்னால், 1891இல், செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் எழுதிய அறிக்கையிலேயே கடனுக்குத் தன்னையே அடகு வைக்கிற படியாள் முறை பதிவாகிவிட்டது. நம் தோழர்கள் அந்த அறிக்கையைப் பஞ்சமி நிலத்துக்காகத்தான் எடுத்துக்காட்டுவார்கள். நிலமும் கடனும் ஒரே அறிக்கையில்தான் இருக்கின்றன. நிலத்தைப் பேசினோம், கடனைப் பேசவில்லை. கிடைத்த நிலம் கைமாறிப் போனதில் கடனுக்கு எவ்வளவு பங்கு என்று நம் கிழவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

இனி என் கவுண்ட்டருக்கு வாருங்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறவனுக்கு ஊரின் ரகசியம் பாதி தெரிந்துவிடும். ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர்கள், பெரும்பாலும் நம் பெண்கள், மாசம் பிறந்து ஏழாம் தேதி எட்டாம் தேதி வருவார்கள். பாஸ்புக்கை மிஷினில் விட்டால் கர்ரென்று அச்சாகும். சம்பளம் வரவு. அடுத்த வரியில் தவணைப் பிடித்தம். அதற்கடுத்த வரியில் இன்னொரு தவணை. நாலாவது வரியில் பணம் போதாமல் திரும்பிப் போன தவணைக்கு அபராதம் 250, அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக 295. இது வங்கி பிடிப்பது. கடன் கொடுத்த கம்பெனி தன் பங்குக்குத் தனியாக ஓர் அபராதம் போடும். கணக்கில் பணம் இல்லை என்பதற்காக, இல்லாத பணத்திலிருந்து, இரண்டு பக்கமும் பிடிப்பார்கள்.

ஒரு அம்மா கேட்டது: "தம்பி, இது இன்னா 295? நான் எடுக்கவே இல்லியே." விளக்கினேன். கேட்டுக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தார். "எம் புள்ள வந்து கேட்டா இந்தப் பக்கத்தைக் காட்டிராதே." இன்னும் சிலர் பாஸ்புக் தொலைந்து போய்விட்டது என்று எழுதிக்கொடுத்துப் புதுசு வாங்குவார்கள். தொலையவில்லை. பழைய பக்கங்கள் வீட்டில் யார் கண்ணிலும் படக்கூடாது, அவ்வளவுதான். புதுப் புத்தகத்துக்கும் கட்டணம் உண்டு. மறைப்பதற்கும் நாம் காசு கொடுக்கிறோம்.

நகைக்கடன் தனிக்கதை. முன்பெல்லாம் வருஷக் கடைசியில் வட்டியைக் கட்டி மாற்றி வைத்துக்கொண்டு போவார்கள். 2025இல் அசலும் வட்டியும் முழுசாகக் கட்டி, மறுநாள்தான் திரும்ப அடகு வைக்கலாம் என்று வங்கிகள் சொல்ல ஆரம்பித்தபோது பெரிய கூச்சல் எழுந்தது. அந்த ஒரு ராத்திரிக்குப் பணம் எங்கே போவது? ஒரு நாள் பணம் தருகிறவர்கள் முளைத்தார்கள். காலையில் கொடுத்து மறுநாள் கமிஷனோடு வாங்கிக்கொள்வார்கள். நகை பெட்டகத்தைவிட்டு ஒரு பகல் வெளியே வந்து போகிற செலவு அது.

தண்டல் கணக்கை எத்தனை தோழர்கள் போட்டுப் பார்த்திருக்கிறீர்கள்? பத்தாயிரம் என்று பேர். கையில் தருவது எட்டாயிரத்து ஐந்நூறு. தினம் நூறு வீதம் நூறு நாள் கட்டணும். 'ஆயிரத்து ஐந்நூறுதானே வட்டி, பதினஞ்சு பர்சென்ட்' என்று வாங்குகிறவரும் சொல்வார், கொடுக்கிறவரும் சொல்வார். தினமும் அசல் குறைந்துகொண்டே வருவதைச் சேர்த்துக் கணக்கிட்டால் ஆண்டுக்கு 120 சதவீதத்தைத் தொடும். வங்கியில் வேலை பார்க்கிற எனக்கு இந்தக் கணக்குத் தெரியும். தெரிந்தும் நான் வாங்கினேன். ஆகவே கணக்குத் தெரியாததால்தான் ஏழை கடனில் விழுகிறான், அவனுக்கு 'நிதிக் கல்வி' கொடுத்தால் சரியாகிவிடும் என்று கருத்தரங்கில் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது.

என் கதையைச் சொல்கிறேன். நாங்கள் இருப்பது தொகுப்பு வீடு. மழை பெய்தால் மேல்தளம் ஒழுகி, சிமெண்ட் பெயர்ந்து குழந்தை மேலேயே விழுந்தது. 2019இல் கூரையைப் பிரித்துப் புதுசாகக் கான்கிரீட் போட முடிவு செய்தேன். முறையாகப் பார்த்தால் அது வீட்டுக்கடன். ஆனால் காலனி மனைக்கு வந்திருப்பது ஒப்படைப்புப் பட்டா. விற்கக்கூடாது என்கிற நிபந்தனையோடு அரசு கொடுத்தது. நிபந்தனை நம் நிலம் கைவிட்டுப் போகாமல் இருக்கத்தான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதை ஈடாக ஏற்க வங்கி வழக்கறிஞர் கையெழுத்துப் போட மாட்டார். எட்டு, ஒன்பது சதவீதத்தில் ஊர்த்தெருக்காரன் வீடு கட்டுகிறான். நான் தனியார் நிதிக் கம்பெனியில் இருபத்து நாலு சதவீதத்துக்குத் தனிநபர் கடன் வாங்கினேன். வீட்டுக்கடன் என்கிற சொல்லே நம் தெருவுக்குள் வருவதில்லை.

அப்புறம் அப்பாவுக்குச் சிறுநீரகம் கெட்டது. அரசு மருத்துவமனையில் வைத்தியம் இலவசம். ஆட்டோவும் சாப்பாடும் கூட இருக்கிறவர் இழந்த கூலியும் இலவசமில்லை. சம்பளச் சங்கத்தில் ஒரு கடன். கிரெடிட் கார்டு. கார்டில் குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டிக்கொண்டே போனால் என்ன ஆகும் என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான், அதையேதான் செய்தேன். 2021இல் ஒரு நாள் ராத்திரி போனில் ஒரு செயலி வழியாக ஆறாயிரம். கையில் வந்தது நாலாயிரத்து இருநூறு. ஏழு நாள் கெடு. எட்டாம் நாள் காலை என் போனில் இருக்கிற பெயர்களுக்கெல்லாம் செய்தி போக ஆரம்பித்தது. 'இவர் மோசடிக்காரர், உங்களை ஜாமீனாகக் கொடுத்திருக்கிறார்' என்று. எங்கள் கிளையில் ஒருவருக்கு வந்தது. அவர் அதை என்னிடம் காட்டவில்லை. எனக்குக் காட்டாமல் மற்ற எல்லாருக்கும் காட்டினார். அன்றைக்கே வெளியில் ஐந்து வட்டிக்கு ஐம்பதாயிரம் வாங்கி அதை அடைத்தேன். ஆறாயிரத்தை அடைக்க எதற்கு ஐம்பதாயிரம் என்கிறீர்களா? மிச்சத்தில் மற்ற தவணைகளின் பாக்கி. கடன் வாங்கியவனுக்கு இந்தக் கேள்வியே எழாது.

அந்தச் செயலிக்காரன் என்னிடம் என்ன ஈடு வாங்கினான்? நிலப் பத்திரமா, நகையா, சம்பளச் சான்றா? ஒன்றுமில்லை. என் போனில் இருந்த நானூற்றுச் சொச்சம் பெயர்கள்தான் ஈடு. அதாவது, அந்தப் பெயர்களுக்கு முன்னால் எனக்கு இருக்கிற வெட்கம். தாத்தா தன் உடம்பை அடகு வைத்தார். நான் முகத்தை அடகு வைத்தேன்.

குழுக்கடனும் இதே சூத்திரம்தான். ஈடு கிடையாது, ஜாமீன் கிடையாது என்று சொல்லித்தான் கொடுக்கிறார்கள். நடைமுறையில் பக்கத்து வீட்டுக்காரியின் கண்தான் ஈடு. காலையில் ஏழு மணிக்கு ஒரு திண்ணையில் உட்கார வைப்பார்கள். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் எழுந்து வேலைக்குப் போக முடியாது. வசூல்காரப் பையன் திட்டவே வேண்டியதில்லை. அவனும் நம் பையன்தான் பல இடத்தில், டிப்ளமோ படித்துவிட்டு பைக் பெட்ரோலுக்கும் போதாத சம்பளத்துக்கு ஓடுகிறவன். திட்டுகிற வேலையை அந்தப் பெண்களுக்குள்ளேயே ஒப்படைத்துவிட்டார்கள். ஒன்றாகக் களை பறித்தவர்கள், ஒன்றாகச் சாலை மறியலில் உட்கார்ந்தவர்கள், 'உன்னால எனக்கு மானம் போவுது' என்று ஒருத்தியை ஒருத்தி ஏசிக்கொள்கிறார்கள். ஆண்டைக்குக்கூட இந்த வித்தை தெரியாது.

கடன் எல்லாச் சாதிக்கும் உண்டு என்பார்கள். உண்டு. எங்கள் கிளையில் கடன் இல்லாத ஆள் ஒருவர்கூட இல்லை. டீ நேரத்தில் 'ஹவுசிங் லோன் நாப்பது லட்சம், இருபது வருஷம்' என்று ஒருவர் உரக்கச் சொல்வார். அது அவருக்கு அந்தஸ்து. அவன் வாங்கினால் லோன். நாம் வாங்கினால் கடன். அவருக்கு முடியாமல் போனால் மாமனார் இருக்கிறார், ஊரில் நாலு ஏக்கர் இருக்கிறது, சாதிச் சங்கத்துச் சீட்டு இருக்கிறது. எனக்கு முடியாமல் போனால் 'கோட்டாவுல வந்தவன், காசை வச்சுக்கத் தெரியல' என்கிற ஒரு வாக்கியம் தயாராக இருக்கிறது. அந்த வாக்கியத்தை யாரும் என் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. சொல்லாமலே ஐந்து வருஷம் என்னை அது மிரட்டி வைத்திருந்தது. என் ஒருத்தன் கடன் என் சாதியின் குணமாகிவிடும் என்கிற பயம். இந்த பயத்தைத் தனிமனித மனநிலை என்று யாராவது சொன்னால் அவருக்குச் சாதி தெரியாது என்றுதான் அர்த்தம்.

சரி, அலுவலகத்தில் சொல்ல முடியாது. காலனியில் சொல்லலாமே? அங்கே இன்னும் கஷ்டம். காலனியில் நான் 'பேங்க்காரர்'. 'பாருடா, படிச்சா அவுரு மாதிரி ஆவலாம்' என்று அம்மாக்கள் பிள்ளைகளுக்குக் காட்டுகிற ஆள். சாவு வீட்டுக்கு முதல் ஐந்நூறு என்னிடமிருந்து வரணும். திருவிழாவுக்கு, மஞ்சள் நீராட்டுக்கு, கல்லூரிக் கட்டணத்துக்கு ஆள் வரும். பிடித்தம் இல்லாமல் என் சம்பளம் இருபத்து மூவாயிரம் என்று சொன்னால் நம்பமாட்டார்கள். 'பேங்க்ல இருக்கே, உங்கிட்ட இல்லாத பணமா?' நான் பணம் எண்ணுகிற ஆள், வைத்திருக்கிற ஆள் இல்லை என்று சிரித்துக்கொண்டே சொல்வேன். சிரித்துவிட்டு ஐந்நூறு எடுத்துக் கொடுப்பேன். அந்த ஐந்நூறும் கடன்.

இதைக் கசப்போடு சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். இயக்கத்திலும் சொல்ல முடியாது. மாநாடு என்றால் நோட்டீசு அடிக்கும்போதே 'அரசு ஊழியர்கள், வங்கி ஊழியர்கள் தலா ஐயாயிரம்' என்று முடிவாகிவிடும். சமூகத்துக்குத் திருப்பிக் கொடு என்று அண்ணல் சொன்னதாக மேற்கோள் வேறு. திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்த ஐயாயிரம் எங்கிருந்து வருகிறது என்று ஒரு தோழரும் கேட்டதில்லை. வேன் வாடகைக்கு, சுவரொட்டிக்கு, ஒலிபெருக்கிக்கு நான் கொடுத்த பணத்தில் பாதி ஐந்து வட்டிப் பணம். வட்டிக்கு விட்டவர் ஆதிக்கசாதிக்காரர். அவர் பணத்தில் அவரை எதிர்த்து மாநாடு நடத்தினோம் என்று பெருமைப்படலாமா? மாசாமாசம் ரெண்டாயிரத்து ஐந்நூறு அவர் வீட்டுக்குத்தானே போனது.

'இது தனிமனிதப் பிரச்சினை தோழர். கூலி உயர்வு, ஒப்பந்த முறை ஒழிப்பு, நிலம் இதுதான் தீர்வு. கடனைப் பற்றிக் கூடிப் பேசுகிற வேலையை என்.ஜி.ஓ. பார்த்துக்கட்டும்' என்று ஒரு மூத்த தோழர் என்னிடம் சொன்னார். அவர் சொல்கிற காரணங்கள் எல்லாம் சரி. சம்பளம் போதாது, அதனால்தான் கடன். ஒப்பந்தக்காரன் இரண்டு மாதம் சம்பளத்தை நிறுத்திவைக்கிறான், அதனால்தான் தண்டல். ஆனால் கூலிப் போராட்டத்துக்குக் கூப்பிட்டால் அந்தப் பெண்கள் ஏன் வருவதில்லை? அன்றைக்குத் தவணை. ஒரு நாள் கூலி போனால் திண்ணையில் நாலு பேர் முன்னால் தலைகுனியணும். சங்கத்தில் முன்னால் நிற்கிற பையன் திடீரென்று ஏன் காணாமல் போகிறான்? கூட்டத்துக்கு வந்திருக்கிற ஒருத்தரிடம் அவன் வட்டிக்கு வாங்கியிருப்பான். போராட்டத்தைக் கடன் உள்ளே இருந்து அரித்துக்கொண்டிருக்கிறது. அதைப் பேசாமல் போராட்டத்தை மட்டும் பேசுவது, ஓட்டைப் படகில் துடுப்பைப் பற்றி விவாதிப்பது.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 2003ஆம் ஆண்டுக் கந்துவட்டித் தடைச் சட்டத்தில் மூன்றாண்டு வரை சிறை, முப்பதாயிரம் வரை அபராதம். கடனாளியோ குடும்பத்தாரோ தற்கொலை செய்துகொண்டு, அதற்கு முன் வசூலுக்காகத் துன்புறுத்தப்பட்டது தெரிந்தால், கொடுத்தவன் தற்கொலைக்குத் தூண்டியதாகவே கொள்ளவேண்டும் என்கிற பிரிவும் அதில் உண்டு. செத்தபிறகு சட்டத்துக்கு நல்ல பலம் வருகிறது. 2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கந்துவட்டிக் கொடுமை என்று மனு கொடுத்துச் சலித்த ஒரு கூலித் தொழிலாளி, மனைவியையும் இரண்டு சின்னப் பெண் குழந்தைகளையும் சேர்த்துக்கொண்டு தீயில் எரிந்ததை நாம் எல்லாரும் படத்தில் பார்த்தோம். பார்த்துவிட்டுக் கண்டன அறிக்கை விட்டோம். சட்டம் வந்து பதினாலு வருஷம் ஆகியிருந்தது. 2025இல் கெடுபிடி வசூலைத் தடுக்கச் சட்டமன்றம் இன்னொரு சட்டமும் நிறைவேற்றியிருக்கிறது. ரிசர்வ் வங்கியும் 2022இல் விதிகள் போட்டது. குழுக்கடன் வசூலுக்குக் காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் போகக்கூடாது. ஒரு குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதிக்குமேல் எல்லாத் தவணையும் சேர்ந்து போகக்கூடாது. செயலிகள் போனில் இருக்கிற பெயர்ப்பட்டியலைத் தொடக்கூடாது.

நல்ல விதிகள்தான். கிளை நோட்டீசுப் பலகையில் நானே ஒட்டியிருக்கிறேன். ஆனால் அந்த 'பாதி' என்கிற விதி எப்படி வேலை செய்யும், யோசியுங்கள். குடும்பத்தின் கடன் முழுவதையும் குடும்பமே அறிந்திருந்தால்தான் வேலை செய்யும். ஐந்து வட்டி எந்தக் கம்ப்யூட்டரிலும் ஏறாது. தண்டல் எந்த சிபிலிலும் இல்லை. புருசன் கடன் பெண்டாட்டிக்குத் தெரியாது. பெண்டாட்டி கடன் புருசனுக்குத் தெரியாது.

ஆம். அதுதான் நடந்தது எங்கள் வீட்டில். 2024இல் ஒரு நாள் காய்ச்சலோடு வேலைக்குப் போகாமல் படுத்திருந்தேன். காலை ஏழரைக்கு வாசலில் வண்டிச் சத்தம். எனக்குத்தான் ஆள் வந்துவிட்டது என்று நினைத்தேன். போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன். வெட்கமாக இருக்கிறது சொல்ல, மூடிக்கொண்டேன். வெளியே அவன் குரல்: "அக்கா, நீங்க ஒருத்தர்தான் பாக்கி." அக்கா என்றது என் பெண்டாட்டியை. இரண்டு குழுவில் அவள் கடன் வாங்கியிருந்தாள். முதல் கடன் மகளின் பள்ளிக் கட்டணம். 'சம்பளம் இன்னும் ஏறல' என்று நான் பொய் சொன்ன மாசம் வாங்கியது. இரண்டாவது கடன் முதல் கடனுக்குத் தவணை கட்ட. கழுத்துச் சங்கிலி மூன்று பவுனும் அடகில் இருந்தது. கவரிங் போட்டுக்கொண்டு இரண்டு வருஷமாக என் எதிரில் நடமாடியிருக்கிறாள். தினம் நகை எடை போடுகிறவன் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்கிற எனக்குக் கண் தெரியவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க கத்துவீங்கன்னு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாகணும். நான் மறைத்தது வெட்கத்தால். அவள் மறைத்தது பயத்தால். இரண்டும் ஒன்றல்ல. எனக்கு மேலே இருக்கிறவன் பார்வைக்கு நான் அஞ்சினேன். அவள் என் குரலுக்கு அஞ்சினாள். ஆதிக்கம் பற்றி நான் எழுதிய கவிதைகளை எல்லாம் அவள்தான் நகல் எடுத்துக் கொடுத்தவள்.

அன்றைக்கு ராத்திரி பிள்ளை தூங்கினபிறகு ஒரு தாளில் எழுதினோம். சங்கக் கடன் 1,10,000. நிதிக் கம்பெனி 1,38,000. கார்டு 46,000. ஐந்து வட்டி 50,000. அவளுடைய குழுக்கடன் 28,000, இன்னொன்று 17,000. நகை 72,000. மொத்தம் 4,61,000. நகைக்கடன் வட்டி சேராமலே மாசத் தவணை 18,450. என் சம்பளத்தோடு அவள் பிளவுஸ் தைத்துச் சம்பாதிக்கிற ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறைச் சேர்த்தாலும் இருபத்து நாலாயிரத்தை ஒட்டித்தான். மிச்சத்தில் மூன்று பேர் சாப்பிட முடியாது, ஆகவே மாசாமாசம் புதுக்கடன். தாளைப் பார்த்தபோது இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அவள்தான் சொன்னாள்: "நான் பத்து லட்சம் இருக்கும்னு நெனச்சேன்." எனக்கும் அப்படித்தான் தோன்றியிருந்தது. தனித்தனியாக இருட்டில் வைத்திருந்தபோது அதற்கு அளவே இல்லை. தாளில் இறக்கினதும் ஏழு வரிக்குள் அடங்கிவிட்டது.

முதலில் எதைக் கட்டுவது என்பதில் சண்டை வந்தது. குழுவைத்தான் முதலில் முடிக்கணும் என்றாள், திண்ணை வெட்கம். நான் வட்டியைப் பார்த்தேன். ஐந்து வட்டி என்றால் ஆண்டுக்கு அறுபது சதவீதம். கார்டு நாற்பதைத் தாண்டும். நகையை என்ன செய்வது? "கழுத்துல இருந்தாத்தான் நகை. பேங்க்ல இருந்தா அது பேங்க் நகை. வித்துடுங்க" என்றாள். பவுன் ஐம்பதாயிரத்தைத் தாண்டியிருந்த நேரம். கழிவு போக 1,45,000 வந்தது. அடகையும் அதன் வட்டியையும் சேர்த்து 78,000 அடைத்து மீட்டோம். ஐந்து வட்டிக்காரருக்கு 50,000 கொடுத்துப் பத்திரத்தைத் திரும்ப வாங்கினேன். இரண்டு பேர் சாட்சிக்கு வந்தார்கள், அதில் ஒருவர் நம் தோழர். மிச்சம் 17,000 கார்டுக்கு. நிதிக் கம்பெனிக்கு எழுத்து மூலம் கடிதம் கொடுத்துத் தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டிக் கேட்டேன். முதல் கடிதத்துக்குப் பதில் இல்லை, இரண்டாவதுக்கு வந்தது. அவள் மஞ்சள் கயிற்றோடு இருக்கிறாள். அவள் அம்மா வீட்டில் அதற்கு ஒரு வாரம் ஒப்பாரி. கடன் முழுசாகத் தீர்ந்துவிட்டதா? இல்லை. பாதிக்குமேல் இன்னும் இருக்கிறது. ஆனால் போன் வந்தால் வீட்டுக்குள்ளேயே நின்று பேசுகிறேன்.

மறைவுதான் ஈடு என்றால், அந்த மறைவு போனால் ஈட்டின் விலையும் போகும். இதை மட்டும்தான் சொல்ல வந்தேன். ஆனால் எங்கே போய் உடைப்பது? வெட்கப்படுத்தாத ஒரு இடம் வேண்டும். அது அலுவலகமாக இருக்க முடியாது. ஊராக இருக்க முடியாது. இயக்கம் அதுவாக இருக்கலாம், இன்றைக்கு இல்லை. நாம் அண்ணலைக் கோட்டு சூட்டோடு நிறுத்தி வைத்திருக்கிறோம், பேனாவும் புத்தகமுமாக. 1920இல் இரண்டாவது முறை லண்டனுக்குப் படிக்கப் போக அவர் நவல் பதேனா என்கிற பார்சி நண்பரிடம் ஐயாயிரம் ரூபாய் கடன் வாங்கினார் என்பதை நம் கூட்டத்தில் யாரும் சொல்வதில்லை. அங்கே போய் எழுதி 1923இல் நூலாக வந்ததும் ரூபாயின் பிரச்சினை பற்றித்தான். கடன் வாங்கினார், வாங்கியதை மறைக்கவில்லை, வரலாற்றில் இருக்கிறது. நாம்தான் வெட்கப்பட்டுக்கொண்டு அதை விட்டுவிட்டுச் சிலைக்கு மாலை போடுகிறோம்.

எங்கள் காலனி இரவுப் பாடசாலையில் மூன்று மாசமாக ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்காருகிறோம். நான் என் தாளை முதலில் சுவரில் ஒட்டினேன், பெயரோடு. முதல் வாரம் பதினோரு பேர் வந்தார்கள், தாளைப் படித்துவிட்டு ஒருவரும் வாய் திறக்காமல் போனார்கள். 'பேங்க்காரருக்கே இந்தக் கதியா' என்று வெளியில் சிரித்ததாகவும் கேள்வி. இரண்டாவது முறை நாலு பெண்கள். அவரவர் பாஸ்புக்கைக் கொண்டுவந்தார்கள். குழு வசூலை ஒன்பது மணிக்குமேல் வைக்கச் சொல்லி எல்லாரும் கையெழுத்துப் போட்டுக் கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதினோம். இப்போது எட்டரைக்கு வருகிறார்கள். அரைமணி நேரம் பாக்கி இருக்கிறது. ஆண்கள் யாரும் இதுவரை தாள் கொடுக்கவில்லை. ஒருத்தர் மட்டும் ராத்திரி பத்து மணிக்குமேல் என் வீட்டுக் கதவைத் தட்டினார், சுவரில் ஒட்டக்கூடாது என்கிற நிபந்தனையோடு. சரி என்றேன்.

போன வாரம் மாநாட்டு நன்கொடைப் புத்தகம் வந்தது. வழக்கம்போல ஐயாயிரம் என்று பென்சிலால் குறித்திருந்தார்கள். உள்ளே இருந்து அவள் குரல் கொடுத்தாள்: "இந்த வருஷம் இருநூறுன்னு எழுதச் சொல்லுங்க. தவணை இருக்கு." வந்த தோழர் என்னைப் பார்த்தார். நான் ரசீதில் இருநூறு என்று எழுதினேன். அவர் கொஞ்சம் நின்று, கதவுப் பக்கம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "அந்த ஞாயித்துக்கிழமை கூட்டம் எத்தனை மணிக்கு தோழர்?" என்று கேட்டார்.